பிளாஸ்டிக் அக்கா கேட்காத போட்டோ

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்குப் பக்கத்துக் கடைப் பெண்மணி ஒருவர், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பிய்த்துக்கொண்டு போனார். போட்டோக்காரர் அன்றுதான் கடை திறந்திருந்தார். முதல் வாடிக்கையாளருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இப்படியொரு வரவேற்பு கிடைக்கும் என்று கனவிலும் தோன்றியிருக்காது. என்ன ஏது என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்மணி திரும்பி வந்துவிட்டார். கையில் அதே பட்டியல்தான்; ஆனால் இப்போது அது பளபளவென்ற பிளாஸ்டிக் உறைக்குள், தொட்டால் சுடும் பதத்தில் இருந்தது.

“மைப் பேனாவால எழுதி வெளிய ஒட்டியிருக்கியே தம்பி, ஒரு தூறல் போட்டா உன் ரேட்டெல்லாம் கரைஞ்சி வாசல்ல ஓடும்.”

“எவ்வளவு தரணுங்க?”

“காசு வேணாம். ஒரு நாள் ஒரு போட்டோ எடுத்துக் குடு. நானும் என் தங்கச்சியும் சேர்ந்து.”

“இப்பவே கூட்டிட்டு வாங்களேன். கடைக்கு முதல் போட்டோவா இருக்கட்டும்.”

“அவ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கா.”

“அதுக்கென்ன? ஆளுக்கொரு படம் குடுங்க, கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேர்த்துடறேன். ஒட்டினதே தெரியாது.”

பெண்மணியின் முகம் சட்டென்று மாறியது. “ஒட்டறது என் தொழில், தம்பி. அதுல எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒட்டினது வேணாம். ரெண்டு பேரும் தோளோட தோள் நிக்கணும். எங்க வீட்ல இருக்கிறதே ஒரே ஒரு போட்டோ. அதுல நான் அம்மா இடுப்புல இருக்கேன், அவ அம்மா வயித்துல இருக்கா. அதை ரெண்டு பேர் சேர்ந்த படம்னு நான் யார்கிட்ட காட்டறது?”

அந்த வீதி முழுவதும் அவரைப் பிளாஸ்டிக் அக்கா என்றுதான் அழைத்தது. பாஸ்போர்ட் அலுவலகம் இருந்த வீதி அது. அலுவலகக் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை வளைந்து வளைந்து கடைவாசல்களுக்கு வந்துவிடும். காது தெரியவில்லை, பின்புலம் வெள்ளையாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போட்டோக்காரரிடம் ஓடி வருவார்கள். நகல் கேட்டவர்களும் உறை கேட்டவர்களும் அக்காவிடம் போவார்கள். இரண்டு கடைகளுக்கும் இடையில் ஒரு பலகைச் சுவர்தான். அக்காவின் லேமினேஷன் இயந்திரம் சூடேறிச் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும்போது எழும் ‘டிக்’ என்ற ஓசை போட்டோக்காரரின் நாற்காலி வரைக்கும் கேட்கும். உருளைகளுக்கு நடுவே தாள் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்வரை அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். ஒரு குமிழி விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கொடுத்ததையெல்லாம் ஒட்டித் தள்ளுகிறவர் அல்லர் அவர். யார் எதை நீட்டினாலும் முதலில் ஒரே கேள்விதான் வரும்: “இதுல இன்னும் எங்கயாவது சீல் குத்தணுமா?” ஆமாம் என்று சொன்னால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். “குத்த வேண்டியதையெல்லாம் குத்திட்டு வா. பிளாஸ்டிக் மேல மை நிக்காது.” சொந்த வீட்டிலோ அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மருந்துச் சீட்டு, பஸ் நேர அட்டவணை, தங்கையின் பிள்ளை கிறுக்கி அனுப்பிய யானை என்று அவருடைய ஒற்றை அறையில் பிளாஸ்டிக் உறை போடாத தாளே கிடையாது.

தங்கை இருபத்திரண்டு வயதில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காகக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு துறைமுக நகரத்துக்குப் போனவர். அங்கேயே ஒருவரை மணந்தார். ஒரு பிள்ளையும் பிறந்தது. இடையில் எப்போதோ அவருடைய குடியிருப்பு அனுமதி காலாவதியாகிப் போனது. நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற நிலையில், புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வருவதற்கு அவருக்கு வழியில்லை. ஆகவே அக்காதான் போக வேண்டும். விமானத்தில் போய் ஓட்டலில் தங்குவதென்பது அக்காவின் வருமானத்துக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. மாலையில் கடையடைத்த பிறகு இருவரும் தொலைபேசியில் பேசுவார்கள். அந்தப் பேச்சும் பலகைச் சுவரைத் தாண்டி வரும். பாதி சண்டை, பாதி சிரிப்பு. “போடி, உனக்கு நரைச்சதை நான் பார்க்காம எப்படி நம்பறது?” என்பது அக்கா அடிக்கடி சொல்லும் வார்த்தை.

கடைவீதி வியாபாரிகள் சங்கம் அந்த ஆண்டு குறைந்த கட்டணத்தில் ஒரு கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது. முதலில் ஒரு தீவு, அடுத்து ஒரு துறைமுகம், பிறகு வீடு. அந்தத் துறைமுகத்தின் பெயரைக் கேட்டதும் அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சங்கத்தில் முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். போட்டோக்காரரும் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள்.

“கேமராவ மறக்காத தம்பி. ஞாபகம் இருக்கில்ல?”

“எப்படிக்கா மறப்பேன்? அந்த ரேட் அட்டை தினமும் என் மூஞ்சிக்கு நேராத்தானே தொங்குது.”

பயணத்துக்கு முன்னால் அக்கா எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, முகப்பக்கத்தைக் கலரில் நகலெடுத்து, உறை போட்டு, கழுத்தில் தொங்கவிடக் கயிறும் கட்டிக் கொடுத்தார். பேனாக்கடைக்காரர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “கப்பலே முங்கினாலும் நம்ம ஜெராக்ஸ் மட்டும் மிதக்கும்!” என்றார். வீதியே சிரித்தது. ஆனால் தீவில் அந்த நகலுக்கு வந்த மவுசே தனி. பாஸ்போர்ட்டுகளைக் கப்பல் அலுவலகம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டது. கரையிறங்கக் கப்பல் அட்டையும் பாஸ்போர்ட் நகலும் இருந்தால் போதும் என்றார்கள். மற்றப் பயணிகளின் நகல்களெல்லாம் அன்று கொட்டிய மழையில் ஊறிக் கூழாகிவிட, சங்கத்தார் மட்டும் கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கம்பீரமாக நடந்தார்கள். “அக்கா, நீங்க இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்!” என்று போட்டோக்காரரின் மனைவி சொன்னபோது, அக்காவின் முகம் வெட்கத்தில் சிவந்துபோனது.

அடுத்த துறைமுகத்தின் விதி வேறு. நகல் செல்லாது. அசல் பாஸ்போர்ட்டும் அதில் ஒட்டிய விசாவும் வேண்டும். ஆளும் நேரில் நிற்க வேண்டும். அந்நாட்டு அதிகாரிகள் கப்பலுக்குள்ளேயே வந்து சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். கப்பல் அலுவலகம் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. போட்டோக்காரருக்கும் மனைவிக்கும் விசாவின் ஓரத்தில் பாதியும் தாளில் பாதியுமாக முத்திரை விழுந்தது. அவர்களுக்குப் பின்னால் அக்கா. தலை வாரி, புதுச் செருப்பு போட்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றார்.

அதிகாரி முத்திரையை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். மை வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. மறுபடி அழுத்தினார். கட்டைவிரலால் தடவினார். முத்திரை முழுவதும் விரலோடு வந்துவிட்டது. அவர் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, மொழி தெரிந்த கப்பல் ஊழியப் பெண்ணைக் கூப்பிட்டார்.

“அம்மா, இது மேல என்ன ஒட்டியிருக்கு?”

“நான்தாம்மா ஒட்டினேன்.” அக்காவின் குரலில் பெருமைகூட இருந்தது. “விசா மூலைல நூலளவு தூக்கிட்டு நின்னுது. கடல் காத்துல உரிஞ்சிட்டா? அதான் மெல்லிசு பிலிமா பார்த்து ஒட்டினேன். ஒரு குமிழி இருக்கா பாருங்க.”

போட்டோக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. சீல் எங்கேயாவது குத்த வேண்டுமா என்று ஊரையே கேட்ட அக்கா, விசாவின் மேலேயே ஒரு சீல் இருந்ததைப் பார்த்து, குத்த வேண்டியதைக் குத்தியாயிற்று என்று நினைத்துவிட்டார். இறங்கும்போது அதன் ஓரத்தில் இன்னொன்று விழும் என்பதை அவருக்குச் சொல்வார் யாரும் இல்லை. அவர் அதற்கு முன் எந்த நாட்டிலும் இறங்கியதில்லை.

அதிகாரி மேலதிகாரியிடம் காட்டினார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஊழியப் பெண் அக்காவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: “விசா மேல கை வெச்சா அது செல்லாதாம்மா. திருத்தியிருக்கலாம்னு சந்தேகப்படுவாங்களாம். நீங்க கப்பல்லயே இருக்கணும்.”

“திருத்தலையே! காப்பாத்தத்தானே செஞ்சேன். இருங்க, உரிச்சிடறேன். எனக்கு உரிக்கத் தெரியும்.” அக்கா நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். பிலிமோடு சேர்ந்து விசாவின் நீலப் பூவேலையும் எழும்பியது.

“கிழிக்காதீங்கம்மா! கிழிஞ்சா வீட்டுக்குத் திரும்பறதும் கஷ்டமாயிடும்.”

அக்காவின் கை நின்றது. “வாசல்லதாம்மா நிக்கறா என் தங்கச்சி. ஊருக்குள்ள போகல. வாசல் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஒரு போட்டோ, அவ்வளவுதான்.”

பின்னால் வரிசை நெளிந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அதிகாரி அடுத்தவரின் பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினார்.

அக்கா துணிப்பையைப் போட்டோக்காரரிடம் கொடுத்தார். “நீயாவது போய் பாரு, தம்பி. நரைச்சிருக்கான்னு பார்த்து சொல்லு.”

துறைமுக வாசலின் கம்பி வேலிக்கு அப்பால், நீலக் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். போட்டோக்காரர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் அதே நெற்றி, அதே முகவாய். காதோரம் நன்றாகவே நரைத்திருந்தது; உடம்பும் இளைத்திருந்தது. விவரத்தைச் சொன்னதும் அந்தப் பெண் அழவில்லை. கொஞ்ச நேரம் கப்பலையே பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, எங்க நிக்கற?”

“ஏழாவது மாடி. கைப்பிடிக்கிட்ட. வெள்ளைத் துண்டு ஆட்டறேன் பாரு.”

கப்பலின் கைப்பிடி நெடுகிலும் ஆட்கள் நின்றார்கள். வெள்ளைத் துண்டுகள் பல இடத்தில் தொங்கின.

“தெரியுது அக்கா, தெரியுது,” என்றார் தங்கை. அவருக்குத் தெரியவில்லை என்பது போட்டோக்காரருக்குத் தெரிந்தது.

“எனக்கும் நல்லா தெரியறடி. மஞ்சள் சட்டைதானே? அழகா இருக்கு. உடம்பு மட்டும் இளைச்சிட்ட.”

சற்றுத் தள்ளி மஞ்சள் உடையில் வேறொரு பெண் யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, “அது நான் இல்ல அக்கா. நான் இந்தப் பக்கம். நீலக் குடை,” என்றார்.



துணிப்பையில் அந்தப் பழைய குடும்பப் படத்தின் நகல் இருந்தது. குமிழி இல்லாத கெட்டி உறை. தங்கை அதில் அம்மாவின் வயிற்றின்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க எங்களுக்கு ஒரு போட்டோ கடன் வெச்சிருக்கீங்களாமே?” என்று கேட்டார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். முன்னால் தங்கை, பின்னால் கப்பல். பெரிதாக்கிப் பார்த்தார். ஏழாவது மாடியில் வரிசையாகப் புள்ளிகள். எந்தப் புள்ளி அக்கா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மாலையில் கப்பல் கிளம்பியபோதும் அக்கா கைப்பிடியை விட்டு நகரவில்லை. போட்டோக்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

“நரைச்சிருக்கா?”

“காதுகிட்ட கொஞ்சம், அக்கா.”

“அந்த மஞ்சள்காரிக்கு ரொம்ப நேரம் கையாட்டிட்டேன், தம்பி,” என்றார் அக்கா. “அவளுக்கு ஆட்டியிருக்க வேண்டியது.”

ஊர் திரும்பியதும் அக்கா புதுப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். கடைக்கு எதிரேதான் அலுவலகம். ஆனாலும் பழைய பாஸ்போர்ட் சிதைந்தது எப்படி என்ற விசாரணை இழுத்துக்கொண்டே போனது. வரிசையில் நின்றவர்களுக்கு உறை போட்டுக் கொடுத்துவிட்டு அவரும் அதே வரிசையில் போய் நிற்பார். இதற்கிடையில் தங்கையின் இளைப்புக்குக் காரணம் தெரியவந்தது. வியாதி முற்றியிருந்தது. அனுமதி இல்லாதவர் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்திருக்கிறார். ஆள் மாறினாலும், அக்கா கண்டது ஒருவகையில் சரியாகத்தான் இருந்தது.

ஒரு பிற்பகலில் தொலைபேசி ஒலித்தபோது இயந்திரத்துக்குள் யாரோ ஒரு பெண்ணின் சான்றிதழ் பாதி நுழைந்திருந்தது. பலகைச் சுவருக்கு இப்பால் இருந்த போட்டோக்காரருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தாள் முழுவதும் வெளியே வரும்வரை அக்கா காத்திருந்தார், ஓரங்களை நறுக்கினார், மூலைகளை வளைவாக வெட்டினார், கொடுத்து அனுப்பினார். அதன் பிறகுதான் கதவை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது.

புதுப் பாஸ்போர்ட் மழைக்காலம் முடிந்து வந்தது. அக்கா அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார்; திறந்துகூடப் பார்க்கவில்லை.

வேலிக்கு வெளியே எடுத்த படத்தைப் போட்டோக்காரர் ஒருநாள் பயந்து பயந்து கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா நெடுநேரம் பார்த்தார். “குடை நல்ல நீலம்,” என்றார். இதைச் சேர்த்து விடலாம், அதை ஒட்டிவிடலாம் என்று எதையும் சொல்லப் போட்டோக்காரருக்கு வாய் வரவில்லை.

அக்கா அதன் பிறகும் சில ஆண்டுகள் கடை நடத்தினார். போட்டோக்காரர் ஒவ்வொரு முறை கட்டணத்தை மாற்றும்போதும், கூப்பிடாமலே வந்து புதுப் பட்டியலைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சூடாகத் திருப்பிக் கொடுப்பார். எவ்வளவு தரணும் என்று கேட்கப் போட்டோக்காரருக்குத் துணிவு வந்ததே இல்லை. பழைய பதிலைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். அறையைக் காலி செய்யப் போட்டோக்காரரும் மனைவியும் போனார்கள். மருந்துச் சீட்டு முதல் யானை வரை எல்லாம் பிளாஸ்டிக்கில் புதிதுபோல் இருந்தன. தலையணைக்கு அடியில் அந்த வேலியோரப் படம் மட்டும் உறையில்லாமல் கிடந்தது. ஓரமெல்லாம் நைந்து, நீலக் குடையின் மீது விரல் பட்டுப் பட்டு நிறம் போயிருந்தது.

விலைப்பட்டியல் இன்னும் கண்ணாடிக் கதவில் இருக்கிறது. எத்தனையோ மழை பார்த்தும் ஓர் எழுத்துக்கூடக் கரையவில்லை. அதற்குக் கூலியாக அக்கா கேட்டது ஒரே ஒரு போட்டோ. ஒரு நாள் எடுத்துக் கொடு என்றுதான் சொன்னார். கப்பலிலிருந்து இறங்கிவந்த நாள் முதல் கண்மூடிய நாள் வரை, அதை அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.