காதர் பாயின் பிறை

அந்த ரேடியேட்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்தது நான். காதர் பாய் அல்ல.

ஆறு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றும். ஒரு பழைய லாரி, அதில் ஒரு ரேடியேட்டர், அதை எவன் பற்றவைத்தால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். புரட்டாதீர்கள்! நான் ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்தவன். வாயைத் திறந்துகூட அல்ல... ஒரே ஒரு விரலை நீட்டிக் கெடுத்தேன்.

கோச்சடையில் எனக்கு லாரிப் பட்டறை இருக்கிறது. இன்ஜின் இறக்கி ஏற்றுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல பெயராம்! யாருடைய பெயரைத் தின்று வளர்ந்த பெயர் அது?

தவமணி தன் அப்பா ஓட்டிய மூக்கு லாரியை என்னிடம் கொண்டுவந்தார். முன்பக்கம் இன்ஜின் பெட்டி மூக்காக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து வண்டி. பழைய இன்ஜின் இனி தேறாது, புது இன்ஜின் ஏற்ற வேண்டும் என்றார். உசிலம்பட்டிப் பக்கம் அவருடைய தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீரை அப்பாவின் லாரியில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் விளையாட்டுக் காரியமல்ல. மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மாமன் வந்து சேரும்வரை பந்தலில் ஒன்றும் நடக்காது.

"அண்ணே, இன்ஜின எப்புடி வேணாலும் மாத்துங்க. வண்டி மூஞ்சி மட்டும் மாறக் கூடாது. அப்பா ஓட்டுனப்ப இருந்த மாதிரியே இருக்கணும்" என்றார் தவமணி. வியாழக்கிழமை வண்டி தயாராக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

புது இன்ஜின் பழையதைவிடப் பலம் கூடியது. பலம் கூடினால் சூடும் கூடும். அந்தச் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர். ஆகவே இன்ஜினை மாற்றுகிறவன் ரேடியேட்டரையும் மாற்றியாக வேண்டும். தொழில் பழகும் முதல் வருடத்திலேயே இது தெரிந்துவிடும். எனக்குத் தெரியாதா? தெரியும்! தெரிந்தேதான் பழையதையே மாட்ட நினைத்தேன்; பெரியது அந்த மூக்குக்குள் அடங்காது, வெட்டி மாற்ற வியாழக்கிழமைக்குள் நாள் போதாது.

பழைய ரேடியேட்டரின் மேல் டேங்க் ஓரத்தில் கசிவு இருந்தது. அதைக் கழற்றி ஆட்டோவில் வைத்துக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனேன். தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் காதர் பாயின் ரேடியேட்டர் கடை. அவருக்கு ஒரு வழக்கம். வேலையை முடித்து, தண்ணீர் விட்டுச் சோதித்து, இதற்கு நான் பொறுப்பு என்று மனம் ஒப்பினால் மட்டும் மேல் டேங்கின் பித்தளையில் அரைவட்ட உளியால் ஒரு தட்டுத் தட்டுவார். சின்னப் பிறை ஒன்று விழும். மனம் ஒப்பாத வேலையில் பிறை இருக்காது. லாரிக்காரர்களுக்கு அந்தப் பிறை ஒன்று போதும், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் கொண்டுபோனதில் ஏற்கெனவே ஒரு பிறை இருந்தது. தவமணியின் அப்பா காலத்தில் பாய் செய்த வேலை. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். கீழே நூலாக வடிந்தது.

"உள்ளாற பூராம் சுண்ணாம்பு கட்டிக் கெடக்கு தம்பி. போர் தண்ணிய ஊத்தி ஊத்திப் பாழாக்கியிருக்காங்க. பழைய இன்ஜினுக்கே மூச்சு வாங்கியிருக்கும். புதுசுக்கு இது ஆகாது, நா கை வைக்க மாட்டேன்."

"கசிவ மட்டும் அடைச்சுக் குடுங்க பாய். வியாழக்கெழம வண்டி போகணும்."

"கசிவ அடைச்சா சூடு அடங்கிருமா? பெரிய ரேடியேட்டரா போடு. முன்சட்டத்த வெட்டித் தள்ளி வச்சாத் தன்னால உக்காரும். இன்ஜின் மாத்தத் தெரிஞ்ச ஆளு, இம்புட்டுக்கூடத் தெரியாமயா இருக்க?"

கடையில் நின்றிருந்த இரண்டு வெளியூர் டிரைவர்கள் சிரித்தார்கள். நடந்தது அவ்வளவுதான். பாய் குத்திப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆனால் எனக்குக் காது மடல் சுட்டது. எனக்கே பாடமா? ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறையில் நானே ஈயத்தை உருக்கிக் கசிவை அடைத்தேன். கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பிறகு... இதைச் சொல்லத்தான் எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது. பெயிண்ட் காயும் முன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, அந்தப் பிறை இருந்த இடத்தை மட்டும் துடைத்துவிட்டேன். பித்தளை பளிச்சென்று தெரிந்தது.

எதற்காகத் துடைத்தேன்? ஏதாவது ஆனால் பழி எங்கே போக வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? இல்லை, சும்மா துடைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா எவனாவது துடைப்பானா!

"பாய்கிட்டக் குடுத்தீகளாண்ணே?" என்று கேட்டார் தவமணி.

கொடுத்தேன் என்றேன். அது உண்மை. அவர் கை வைக்க மறுத்ததைத்தான் நான் சொல்லவில்லை. தவமணி குனிந்து பிறையைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார்.

காதுகுத்தன்று காலை நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டி கிளம்பியது. பின்னால் சீர்த்தட்டுகள், பித்தளை அண்டா, வாழைத்தார், மாலை போட்ட கிடா. ஓட்டியவர் செல்லையா, தவமணியின் அப்பாவிடமே வேலை பார்த்த டிரைவர். செக்கானூரணி தாண்டியதும் சூடு ஏறி முள் சிவப்பைத் தொட்டிருக்கிறது. ஓரங்கட்டி, மூக்கு மூடியைத் தூக்கியிருக்கிறார் செல்லையா. நான் அடைத்த இடம் அந்த நேரத்தில்தான் பிய்த்துக்கொண்டது. கொதித்த தண்ணீரும் ஆவியும் அவருடைய வலது கையிலும் கழுத்திலும் அடித்தன.

போன் வந்ததும் பைக்கில் பறந்தேன். செல்லையாவின் முழங்கைக்குக் கீழே தோல் வழன்று தொங்கியது. சீர்த்தட்டுகளை ரோட்டோரம் இறக்கி வைத்திருந்தார்கள். பட்டு வேட்டியோடு தவமணி அழுதுகொண்டு நின்றார். பந்தலில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாமனுக்காகக் காத்திருக்கிறார்கள்.

"எப்புடிண்ணே இப்புடி ஆச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

நான் விரலை மட்டும் நீட்டினேன். கிழிந்த ரேடியேட்டரில் கிழிசலுக்கு நாலு விரல்கடை தள்ளி, அந்தப் பிறை இருந்தது.

அவ்வளவு போதுமாக இருந்தது! நின்றிருந்த பத்துப் பேரில் ஒருவன்கூட 'வண்டியில மாட்டுனது நீதானே, நீ பாக்கலயா?' என்று கேட்கவில்லை. பட்டறையில் நின்ற வண்டி, நான் ஏற்றிய இன்ஜின், என் கையால் முடுக்கிய போல்ட்டுகள்... என்னை எவனும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "அவுக ஆளுகள நம்பிக் குடுத்தா இப்புடித்தான்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எத்தனை சுலபமாக நம்பினார்கள்! அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு அன்றும் கோபம் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் அந்தப் பேச்சுதான் என்னைக் காப்பாற்றியது. அதன் நிழலில் ஒதுங்கி நின்றவனுக்குக் கோபப்பட என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுநாள் தவமணி ஆட்களோடு பாய் கடைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். ரேடியேட்டரைப் பாய் முன்னால் டமாரென்று போட்டார்கள்.

"இது யாரு வச்சது?"

பாய் குனிந்து பார்த்தார். "பெறை என்னுதுதான். ஒங்க அத்தா இருந்தப்ப வச்சது. இந்தத் தடவ நா இதத் தொடவே இல்ல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொல்லு தம்பி."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சிரித்த டிரைவர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ, சாட்சிக்கு ஆள் இல்லை. பாய் இரண்டாவது முறை கேட்கவில்லை. தவமணி கத்தத் தொடங்கினார், சந்தே கூடிவிட்டது. பாயின் மருமகன் பதிலுக்குக் கத்த வந்தபோது பாய் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சிம்மக்கல் மொத்தக்கடை லாரிகள் அவரிடம் போவதை நிறுத்தின. செல்லையாவின் கையைப் பார்த்தாயா என்பதே பேச்சு. அந்தச் செல்லையா இப்போதும் கோடையில்கூட முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிறார். அன்று அவரைப் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான் என்பதால், "அண்ணே இல்லாட்டி என் கை போயிருக்கும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அதையும் கேட்டுக்கொண்டு டீ குடிக்கிறேன்.

இப்போது என் பட்டறையில் இன்ஜின் மாற்றினால் ரேடியேட்டரும் புதிதுதான். வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அவனுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுக்கிறேன். பாய் அன்று சொன்ன அதே வார்த்தைகள்! என் சொந்தச் சரக்குபோல அவிழ்த்துவிடுகிறேன். கேட்பவர்கள், எம்புட்டு விவரமான ஆள் என்று வியக்கிறார்கள்.

இவ்வளவையும் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் தவமணியும் இல்லை, செல்லையாவும் இல்லை என்பதால்தான். சொல்ல வேண்டியவர்களை விட்டுவிட்டு முகம் தெரியாத உங்களிடம் கொட்டுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான். என்னை நல்லவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

போன மாதம் ஒரு டிராக்டர் ரேடியேட்டரை எடுத்துக்கொண்டு நானே பாய் கடைக்குப் போனேன். ஆறு வருடத்தில் முதல் முறை. விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன், விரட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் வாங்கிப் பார்த்தார், வேலையைச் சுத்தமாக முடித்தார், தண்ணீர் விட்டுக் காட்டினார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. துடைத்து என் பக்கம் தள்ளினார்.

மேல் டேங்கில் பிறை இல்லை.

"பெறை வைக்கலயா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"அத விட்டு ஆறு வருசமாச்சு தம்பி" என்றார், கையைத் துடைத்தபடி. "வச்சா, நா செய்யாததுக்கும் யாரு வேணாலும் அதக் காட்டலாம்ல."

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பாயும் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, அன்றுபோலவே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாரேன் பாய்" என்றேன்.