ஒரு பெயர், ஒரு முறை

“எமில்!”

சமையலறையிலிருந்து வந்த குரல் என் அக்கா ஒலீட்டாவுடையது. முன்னறையில் எனக்கு எதிரே, தலையில் தொப்பியோடு, காலை நீட்டி உட்கார்ந்து ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவள் புருஷன் எமில் குபேனா. காது பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தெருமுனையில் யார் வீட்டு ஏசி இரைகிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லக்கூடியவர்.

“எமில்! இருக்கியா, போய்ச் சேந்துட்டியா?”

அவர் வலது கையை மட்டும் உயர்த்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் இறைச்சியை வெட்டிக்கொண்டிருப்பவளுக்கு இந்தப் பக்கம் உயர்ந்த கை எப்படித் தெரியும்? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

“வாயைத் திறந்து இருக்கேன்னு சொன்னா என்ன, முத்தா உதிர்ந்திடும்?” என்றேன்.

“அந்த வார்த்தையைக் கண்ட இடத்துல செலவு பண்ணக் கூடாது, மச்சினி. ஒரு தடவை பண்ணிட்டுப் படறது போதும்.”

இந்த மனிதரோடு என் அக்கா எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று நான் யோசிக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

தொழில், ஏசி பழுது பார்ப்பது. டெக்சாஸ் வெயிலில், ஆகஸ்ட் மாதத்தில், ஏசி மெக்கானிக்குக்குக் கிடைக்கும் மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடைக்காது. எமில் அதை வாயாலேயே கெடுத்துக்கொள்வார். பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, “இந்த வீடு நிக்கிற இடத்துல கல்லூரிக் குதிரை லாயம் இருந்துது, தெரியுமா மேடம்?” என்று ஆரம்பிப்பார். லாயத்திலிருந்து குதிரைக்குப் போவார், குதிரையிலிருந்து முதல் கமாண்டருக்குப் போவார். வீட்டுக்காரம்மா கைக்குழந்தைக்கு அட்டையால் விசிறிக்கொண்டு, “அதெல்லாம் சரி சார், காத்து வருமா வராதா?” என்று கெஞ்சுவாள். “காத்தா? அந்தக் காலத்துப் பசங்களுக்கு ஏது காத்து?” என்பார்.

ஊர் நடுவே இருக்கும் அந்தக் கல்லூரி ஒரு காலத்தில் முழுக்கச் சீருடைப் பிள்ளைகளின் இடம். குதிரைப்படைக்கு ஆள் பழக்குவதற்காகவே தொடங்கியது. இன்று பெரிய பல்கலைக்கழகம். கணக்கு படிக்கிறார்கள், நடனம் படிக்கிறார்கள், ரப்பர் செருப்போடு வகுப்புக்குப் போகிறார்கள். சீருடைக்காரர்கள் ஒரு கைப்பிடிதான். வழக்கங்கள் மட்டும் ஒரு பொத்தான்கூட அவிழாமல் விறைப்பாக நிற்கின்றன.

முதல் உலகப் போரில் இறந்த ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஓக் மரம் நட்டிருக்கிறார்கள். அவற்றை மரம் என்று சொல்லிவிடக் கூடாது, ஆளின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். “நேத்துப் புயல்ல லெப்டினன்ட் ஹோல்கம்புக்கு ஒரு கை போயிடுச்சு” என்று எமில் துக்கமாகச் சொல்வதைக் கேட்டு, ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண்மணி ஆறுதல் சொல்லக் கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். எமில் அந்தக் கேக்கை வாங்கித் தின்றார்.

அடுத்தது நினைவு மண்டபம். அதற்குள் தொப்பி கூடாது. ஒரு கல்யாண கோஷ்டி படம் எடுக்க உள்ளே போனதைப் பார்த்து, வேலை பார்த்துக்கொண்டிருந்த கூரையிலிருந்து ஏணி வழியாக இறங்கி, தெருவைக் கடந்து ஓடி, மாப்பிள்ளையின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கியவர் எங்கள் எமில். அதே மனிதர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில்கூடத் தன் தொப்பியைக் கழற்ற மாட்டார். ஒலீட்டா கேட்டால், “ஏன், இங்க எவன் செத்தான்?” என்பார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தப் பெயர் விவகாரம்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு மாலை நினைவு மண்டபத்தில் எல்லோரும் கூடுவார்கள். அந்த வருடம் இறந்துபோன பழைய மாணவர்களின் பெயர்களை ஒருவர் உரக்க அழைப்பார். இறந்தவருக்காக வீட்டார் யாராவது எழுந்து, “இருக்கேன்” என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முன்னால் போய், மண்டபத்தின் நடுவிலுள்ள பழைய குதிரைத் தொட்டியில் ஒரு தகரக் குவளை தண்ணீர் ஊற்ற வேண்டும். சவாரி முடித்தவன் தான் குடிக்கும் முன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவான் அல்லவா, அதன் மிச்சம் இது. அழைக்கும்போது பதவி சொல்வதில்லை, படித்த வருடம் சொல்வதில்லை. செத்தவர்களில் சீனியர் ஜூனியர் கிடையாது என்பது அவர்கள் வாதம். ஒரு பெயரை ஒரு முறைதான் அழைப்பார்கள். பதில் வந்துவிட்டால் அது முடிந்த பெயர்.

பல வருடங்களுக்கு முன் ஒரு வசந்தத்தில் கடைசி வரிசையில் எமில் உட்கார்ந்திருந்தார். “குபேனா, எமில்!” என்று அழைப்பு வந்தது. அதே பெயரில் எவனோ ஒருத்தன் அந்த வருடம் செத்திருந்தான். அந்தக் கல்லூரியில் முதல் வருடப் பையனாக இருந்தபோது, பெயர் காதில் விழுந்த நொடியில் துள்ளி எழ வேண்டும் என்று சீனியர்கள் அவரைப் படுத்தி எடுத்திருக்கிறார்கள். புத்தி யோசிக்கும் முன் கால் எழுந்துவிட்டது.

“இருக்கேன் சார்!”

மண்டபமே அதிர்ந்தது. ஊரில் பாதிப் பேர் வீட்டு ஏசியை அவர்தான் பழுது பார்த்திருக்கிறார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கண்ணாடி ஜன்னலெல்லாம் கிடுகிடுத்தது. பக்கத்திலிருந்தவன், “எந்திரிச்சாச்சு, போய் ஊத்திட்டு வாய்யா” என்று முதுகில் தட்டினான். இவரும் போனார். தன் ஆத்மாவுக்குத் தானே ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து கல்லூரியைப் பொறுத்தவரை எமில் குபேனா இறந்துவிட்டார். பழைய மாணவர்களின் பத்திரிகை, “அமரர் எமில் குபேனாவின் குடும்பத்தாருக்கு” என்று வர ஆரம்பித்தது. ஒலீட்டா அதை வாங்கி, “குடும்பத்தார் படிச்சுட்டுத் தரேன்” என்று சொல்லி அடுப்படிக்கு எடுத்துப் போவாள்.

ஊருக்கு அது வேடிக்கை. அவருக்கு இடி. நிஜமாகவே சாகும்போது தன் பெயரை யாரும் அழைக்கப்போவதில்லை என்பது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ‘இருக்கேன்’ என்ற வார்த்தையையே விட்டுவிட்டார். இதய மருத்துவரின் வாசலில் நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவார். அவள் குனிந்த தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். சாயங்காலம்வரை காத்திருந்து, டாக்டரைப் பார்க்காமலேயே திரும்பிய நாட்கள் உண்டு. “உங்க அத்தான் ஒரு நாள் பிடிவாதத்துலயே நெஞ்சு வெடிச்சுச் சாகப்போறார்டி” என்று அக்கா என்னிடம் அழுதிருக்கிறாள்.

பழைய மாணவர் சங்கத்தின் படியை அவர் தேய்த்த தேய்ப்பில் அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றார்கள். கடைசியில் இந்தக் குளிர்காலத்தில் சங்கம் மசிந்தது. அந்தப் பெயரை இன்னும் ஒரே ஒரு முறை அழைக்கலாம். அதற்கு மேல் கிடையாது.

அன்று தெருவுக்கே மாட்டிறைச்சி வாட்டிப் போட்டார். மறுநாளே என்னைப் பிடித்துக்கொண்டார். அவருக்காக நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.

“ஏன், அக்கா இல்லையா?”

“அவ அழுவா. அழுதுகிட்டே சொன்னா சரியா விழாது.”

“நான் அழ மாட்டேன்னு யார் சொன்னது?”

“நீ எதுக்கு அழப்போறே? எப்ப ஒழிவேன்னுதானே உக்காந்திருக்கே!”

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒத்திகை. நாற்காலியின் பின்னால் நின்று தன் பெயரைத் தானே அழைப்பார். நான் எழ வேண்டும். “தாடையைத் தூக்கு. பூனை மாதிரி மியாவ்னு சொல்லாதே. இன்னொரு தடவை.” வாட்டிய இறைச்சி ஆறிப்போகும். நான் இருக்கேன், இருக்கேன் என்று சொல்லிச் சொல்லி, இருப்பதிலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

நான் முதலில் சொன்ன அந்த ஞாயிறும் அப்படித்தான் தொடங்கியிருக்கும். அதற்குள் வாசல் மணி அடித்தது.

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கையில் கொலாச்சி டப்பா, செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் வம்சத்தாரின் பழம் வைத்த பன். வெறுங்கையோடு வரக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள்.

“மிஸ்டர் குபேனாதானே சார்? நான் டார்லா. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் குபேனாதான்.”

“எந்தக் குபேனா? மாட்டுப்பண்ணைக் குபேனாவா, தேவாலயத் தெருக் குபேனாவா?”

“கடற்கரைப் பக்கம் சார். எங்க அப்பா பேரு எமில்.”

எமில் தொப்பியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார். அத்தனை வருடமும் அவர் சொல்லிவந்த கதையில் அந்த இன்னொருவருக்கு ‘எவனோ ஒருத்தன்’ என்றுதான் பெயர். அந்த எவனோ ஒருத்தனின் மூக்கும் நெற்றியும் இப்போது நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தன.

“அன்னிக்கு நான் மூணாவது வரிசையில இருந்தேன் சார். அப்பா பேரைக் கேட்டதும் எழுந்துட்டேன். வாயைத் திறக்கறதுக்குள்ள பின்னாடியிருந்து நீங்க சொல்லிட்டீங்க.” டப்பாவின் மூடியை அவள் தடவிக்கொண்டே இருந்தாள். “எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.”

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

“இப்ப எதுக்கு வந்தே?” என்றார் எமில். இப்படிக் கேட்க இவரால்தான் முடியும்!

“பேரை இன்னொரு தடவை கூப்பிடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். சங்கத்துல போய்க் கேட்டேன். ஒரு தடவைதான், அது உங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியல சார். இந்த வசந்தம்தான், அடுத்ததைப் பார்க்க மாட்டா. அப்பா பேருக்குப் பதில் வர்றதை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்னு சொல்றா.” டப்பாவை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். “கொடுத்தே ஆகணும்னு இல்ல. கேக்காம இருக்க முடியல, அவ்வளவுதான்.”

பிறகு அவர் செய்ததைக் கேளுங்கள். “உங்க அப்பா எந்த விடுதி?” என்றார்.

“பழைய வடக்கு விடுதி.”

“வடக்கா! பாய்லர் வெடிச்சுதே, அந்த விடுதியா?”

ஆரம்பித்துவிட்டார். பாய்லர் எப்படிப் பழுதானது, யார் திறக்கச் சொன்னது, எத்தனை பேர் பனியில் போர்வையோடு நின்றார்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு நாற்காலியை எடுத்து அவர் மேல் போடலாமா என்று இருந்தது. ஒலீட்டா சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

“எமில்,” என்றாள். கத்தவில்லை.

அவர் பேச்சு அறுந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஐஸ் கட்டிகள் கலகலத்தன. அந்தப் பெயருக்காக எத்தனை வருடம் அலைந்தார், எத்தனை பேர் காலைச் சுற்றினார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் எழுந்தார். நான் நிற்கும் ஒத்திகை இடத்தைக் காட்டினார்.

“அங்க போய் நில்லு பொண்ணே.”

“சார்?”

“நில்லுன்னேன்.”

டார்லா நின்றாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“குபேனா, எமில்!”

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கல. கடைசி வரிசையில ஒரு கிழவன் உக்காந்திருப்பான். அவனுக்குக் கேக்கணும். தாடையைத் தூக்கு. குபேனா, எமில்!”

“இருக்கேன்.”

“பூனை! இன்னொரு தடவை. பின்னாடியிருந்து எவனாவது பைத்தியக்காரன் கத்தினா திரும்பிப் பார்க்காதே. கத்த மாட்டான், இருந்தாலும் சொல்றேன். குபேனா, எமில்!”

“இருக்கேன்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது. அவர் நாற்காலியை விட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றினார். அந்த வீட்டுக்குள் அவர் வழுக்கையை நான் பார்த்தது அன்றுதான்.

“ம். இப்ப சரி. தண்ணியை மெதுவா ஊத்து. நான் அன்னிக்கு சிந்திட்டேன்.”

யாரும் சாப்பிடவில்லை. டார்லா அவர் கையைப் பிடித்தாள், ஏதோ சொல்ல வந்தாள். அவர், “சங்கத்துல நான் பேசிக்கறேன், போ போ, வெயில் ஏறுது” என்று அவளை வாசலுக்கு விரட்டாத குறையாக நடத்திக்கொண்டு போனார். கார் கதவைத் திறந்தவள் திரும்பினாள்.

“அப்ப உங்களுக்கு, சார்?”

அவர் போகும்படி கையை ஆட்டினார். கார் கிளம்பி, தெருமுனை திரும்பியது. தொப்பி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“எமில்!” சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “எமில்!”

“இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.