குகனுக்குக் கொடுக்காத போத்தல்

போன வியாழக்கிழமை பின்னேரம் என் கடைக்கு நிலானி வந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. கண்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"மாமா, சாராயம் ஒரு போத்தல் வேணும்."

பதினேழு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வரவில்லை... காரணம் தெரிந்ததால். அவள் அப்பா குகன் ஈரல் பழுதாகிச் செத்து அன்றைக்கு ஏழு நாள். மறுநாள் எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்பார்கள் — ஆட்டிறைச்சி, கணவாய்க் கறி, குடிக்கிறவர் என்றால் அதுவும்தான். குகனுக்கு எது பிடிக்கும் என்று இத்தாலியில், எங்கள் ஒரேத்தோத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் கடைக்கு வந்திருந்தால், கல்லாவுக்குப் பின்னால் ஃப்ரேம் போட்டுத் தொங்கும் செர்டிபிகேட்டைப் பார்த்திருப்பீர்கள். மதுபானம் விற்பதற்காக கோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி வாங்கியது. அதில் இருப்பது என் பெயர். பதினெட்டு ஆகாதவருக்கு விற்கக்கூடாது. சந்தேகமென்றால் தொக்குமெந்தோ — அடையாள அட்டை — கேட்க வேண்டும். ஏற்கெனவே குடிவெறியில் நிற்பவருக்குக் கொடுக்கக்கூடாது. கடையில் யார் நின்று விற்றாலும் பதில் சொல்ல வேண்டியது நான்.

அந்த வெறி விதியை நான் அதிகம் காட்டியது குகனிடம்தான். இந்தப் பலேர்மோ நகரத்துக்கு வந்த புதிதில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள்.

"மச்சான், ஒண்டே ஒண்டு... நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்பான், தள்ளாடிக்கொண்டு.

"வெறியிலை நிக்கிறாய். தரமாட்டன், போ."

போவான். அடுத்த தெருவில் வாங்குவான். நான் செர்டிபிகேட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வேன். என்ன ஒரு நேர்மை!

இப்போது அவன் மகள் நிற்கிறாள்.

"உனக்கு நான் தரேலாது பிள்ளை. பதினெட்டு ஆகேல்லை."

அவள் தானாகவே தொக்குமெந்தோவை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னும் நாலு மாசம்தான், மாமா."

அதைப் பார்த்தா நான் அவள் வயதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் குகனோடு நின்றவன் நான்.

"அப்பாவுக்கும் குடுக்கேல்லை. எனக்கும் இல்லையோ?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சும்மா கேட்டாள்.

"நீ வீட்டை போ. நாளைக்கு நானே கொண்டுவாறன்."

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போத்தலோடு போனேன். நடந்தால் ஐந்து நிமிடம். குகனின் மனைவி சாந்தி, படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தாள். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா — இத்தாலியச் சீமாட்டி — வீட்டில் வேலை செய்து அந்தக் குடும்பத்தைத் தாங்கியவள். போத்தலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அண்ணை, அவர் கேட்ட இடமெல்லாம் குடுத்தவை. குடுக்காதது நீங்கள் மட்டும்தான். நீங்களே ஊத்தி வையுங்கோ."

நன்றியா, குற்றச்சாட்டா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான் மறுத்தது சரிதான். நாளைக்கு இன்னொருவன் தள்ளாடி வந்தாலும் மறுப்பேன். ஆனால்... "தரமாட்டன்" என்று சொன்ன கையோடு, அவன் தோளைப் பிடித்து இந்த ஐந்து நிமிடம் நடத்திக்கொண்டு வந்து வீட்டில் விட்டிருக்கலாமே? ஒருநாளாவது? கடை வாசலோடு என் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட்டேன். கோர்ஸில் அதைச் சொல்லித்தரவில்லை. சிநேகிதனுக்கு அதையும் சொல்லித்தர வேண்டுமா?

நிலானி ஒரு கிளாஸ் கொண்டுவந்து தந்தாள். ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

படத்தில் குகன் தள்ளாடாமல், குழறாமல், நிதானமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் — மறுப்பதற்கு என்னிடம் ஒரு விதியும் இருக்கவில்லை.