நீர் மாத்திரைக்காரர்

ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை மிதிவண்டியில் செல்லும் எங்கள் குழுவில் மஞ்சள் தலைக்கவசம் அணிந்த ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், தொப்பையும் பெரிது. இரத்த அழுத்தத்திற்கான நீர் மாத்திரையைத் தேநீர்க் கடையில் எல்லோர் முன்பாகவும் விழுங்குவார். வழியெல்லாம் வண்டியை நிறுத்திப் புதர்ப்பக்கம் ஒதுங்குவார்.

“இன்னா நைனா, மறுபடியுமா?” என்று கேலி செய்வார்கள்.

“டேங்க் ரொம்பிகினே கீதுபா. நீங்க போங்க!”

ஒருவரும் போகமாட்டார்கள், சிரித்தபடி காத்திருப்பார்கள். எனக்கு வயிறெரியும்.

அதே மாத்திரைதான் எனக்கும். ஓய்வுபெற்ற பேராசிரியர் சாலையோரம் ஒதுங்குவதா என்று ஞாயிறுகளில் அதைத் தவிர்த்துவந்தேன்.

ஒருமுறை திருக்கழுக்குன்றத்திற்கு அருகில் தலை கனத்து இறங்கி நின்றேன்.

“சார், மாத்திரை போட்டீங்கல்ல?” என்றார் அவர். எப்படி அறிந்தாரோ!

“எனக்கு அந்த நோயெல்லாம் கிடையாது. நீங்கள் செல்லுங்கள்.”

எல்லோரும் சென்றுவிட்டார்கள். அவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.