ஸ்டெல்லா தூக்கிச் சென்ற கதிரை

செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். மகனுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தைக் கேட்டுத் தகப்பனின் முகம் வெளுத்திருந்தது. நான் அவர்களுடைய உதவிக் கடிதத்தில் ஒரு வரியைப் பச்சைப் பேனாவால் கோடிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சுதர்ஷினி. பல வருடங்களுக்கு முன் எங்களிடம் உதவி பெற்றுப் படித்து, இப்போது இரத்தினபுரியில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். "சேர், ஸ்டெல்லா மிஸ் காலைல போயிட்டாங்க" என்றாள். நாளைக்கு அடக்கம் என்று அழுகையோடு சொன்னாள். எதிரே இருந்த தகப்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் பிரச்சினையாங்க? எங்க பேப்பர்லயா?" என்று கேட்டார். அவர் பயம் அவருக்கு. "உங்க பேப்பர்ல ஒண்ணும் இல்லங்க" என்று சொல்லி, மூடிய பேனாவை மறுபடி திறந்தேன். அவருடைய வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஸ்டெல்லாவாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். கொழும்பில் எங்கள் தனியார் பல்கலைக்கழகத்தின் மாணவர் நிதியுதவி அலுவலகத்தில், எனக்குப் பக்கத்து மேசையில், பதினாறு வருடம் வேலை பார்த்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். வெளியாட்கள் இருந்தால் என்னை 'சேர்' என்பார், இல்லாவிட்டால் 'கணேசு'. இருதயம் சரியில்லை என்று போன வருடம்தான் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். போகிற அன்றுகூட, நான் நிறைய உப்புச் சாப்பிடுகிறேன் என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் போனார்.

எங்கள் அலுவலகம் என்ன செய்கிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு ஆகும் முழுச் செலவை முதலில் எழுதுவோம். அந்தக் குடும்பத்தால் தாங்கக்கூடியது எவ்வளவு என்று அதன் கீழே எழுதுவோம். இரண்டுக்கும் இடையில் உள்ள பள்ளம்தான் 'தேவை'. திருப்பித் தர வேண்டாத மானியம் கொஞ்சம், வட்டியில்லாக் கடன் கொஞ்சம், நூலகத்திலோ ஆய்வுகூடத்திலோ பிள்ளையே வேலை செய்து சம்பாதிக்கும் மணித்தியாலங்கள் கொஞ்சம் என்று அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்ப்போம். பரீட்சைப் பெறுபேற்றுக்காகக் கிடைக்கும் கட்டணக் கழிவு வேறு. அதற்கும் குடும்ப நிலைமைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடிதத்தில் எல்லாவற்றையும் கூட்டி, அடியில் ஒரு தொகையைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாமே இலவசம் என்று நினைத்துக் கோயிலில் தேங்காய் உடைத்த குடும்பங்கள் உண்டு. படிப்பு முடிந்து கடனைக் கேட்டுக் கடிதம் வரும்போதுதான் அவர்களுக்கு விஷயம் விளங்கும்.

ஸ்டெல்லா தன் கைக்காசில் மூன்று நிறத்தில் பேனா வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் உட்கார வைத்து, கடிதத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுவார். "பச்சை திரும்பக் கேக்காதுங்க. செவப்பு கேக்கும். நீலம் ஒங்க புள்ளையோட ஒழைப்பு. மூணையும் ஒண்ணா பாக்காதீங்க." சிங்களக் குடும்பம் வந்தால் அதையே சிங்களத்தில் சொல்வார். உத்தியோகபூர்வக் கடிதத்தில் இப்படிக் கிறுக்கக் கூடாது என்று எங்கள் பணிப்பாளர் ஒரு நாள் கண்டித்தார். "கிறுக்காத கடிதம் அழகா இருக்கும் சேர். யாருக்கும் வெளங்காது" என்று ஸ்டெல்லா சொன்னார். 

இன்னொன்று. விண்ணப்பத்தோடு கடைசி மாதச் சம்பளச் சீட்டை மட்டும்தான் அப்போது கேட்போம். ஒரு நாள் ஸ்டெல்லா என் மேசையில் இருந்த ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு, "இது வெயில் மாசத்து சீட்டு" என்றார். அதனால் என்ன என்று கேட்டேன். "மரம் நனைஞ்சிருந்தா பால் வெட்ட ஏலாது கணேசு. வேலை இல்லாட்டி அன்னைக்குப் பதிவுல பேர் இல்ல, பேர் இல்லாட்டி சம்பளம் இல்ல. கஹவத்தை மழைய ஒங்களுக்குத் தெரியாது. மழை மாச சீட்டையும் கேளுங்க." இன்றைக்கும் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு மாதச் சீட்டு கேட்கிறோம். அது யார் சொல்லி வந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் ஸ்டெல்லாவைப் பற்றி எழுதினால் அது பொய்.

சுதர்ஷினியின் வீடு குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில். தகப்பன் ரப்பர் பால் வெட்டுகிறவர், தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அவள் உதவி கேட்டு விண்ணப்பித்தபோது, விதிப்படி முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனேன். நல்ல உபசாரம். உட்கார நான்கு நல்ல கதிரைகள், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். கண்ணாடித் தட்டில் கேக் வைத்தார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து சோடா எடுத்துக் கொடுத்தார்கள். நான் புகைப்படம் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, 'வசதியான குடும்பம். சொன்ன வருமானத்துக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் பொருத்தமில்லை' என்று எழுதினேன். உதவியைத் தீர்மானிக்கும் குழு மானியத்தை மறுத்துக் கடன் மட்டும் தருவதாகச் சொன்னது. அந்தக் கடன் பாதிச் செலவுக்கும் காணாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணையைக் கட்டாவிட்டால், அவளுடைய இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ள அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

ஸ்டெல்லா அப்போது விடுமுறையில் இருந்தார். திங்கட்கிழமை வந்து கோப்புகளை அடுக்கும்போது அந்தப் புகைப்படங்களைப் பார்த்தார்.

"கணேசு, இந்தக் கதிரைங்களோட முதுகப் பாத்தீங்களா?"

பார்த்தேன். ஒன்றில் வெள்ளைப் பெயின்டால் சிலுவை. இன்னொன்றில் சிவப்பில் ஒரு பூ. மற்ற இரண்டில் வெவ்வேறு எண்கள்.

"லயத்துல எந்த வூட்டுலயும் போதுமான கதிர இருக்காது. கல்யாணம், சாவுன்னா எல்லா வூட்டுக் கதிரையும் ஒரே வாசலுக்கு வரும். மாறிப் போயிராம இருக்க ஆளாளுக்கு ஒரு அடையாளம் போட்டு வப்போம். ஒரே வூட்டுக் கதிரைக்கு எதுக்குங்க நாலு அடையாளம்?" பிறகு ஃபிரிட்ஜ் படத்தைக் காட்டினார். அதன் வயர் சுருட்டிக் கட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது. "சோடா குளுந்திச்சா?"

குளிரவில்லை. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக் குடித்திருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், ஏமாற்றினால் விளைவையும் ஏற்கத்தான் வேண்டும் என்று கத்தினேன். ஸ்டெல்லா அவ்வளவு சீக்கிரம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்று உயர்த்தினார். "கொழும்புல இருந்து ஒரு பெரிய மனுசன் வாறாருன்னு லயமே சேந்து சுமந்துட்டு வந்து வச்சிருக்கு. ஒங்களுக்குப் பண்ண மரியாதைக்கு அந்தப் புள்ளைய தண்டிக்கிறீங்க."

என் அறிக்கை பிழை என்று நானே எழுதிக் கையெழுத்திட்டால்தான் கோப்பைத் திரும்பத் திறக்க முடியும். அன்று மத்தியானமே ஸ்டெல்லா அப்படி ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேசையில் வைத்துவிட்டார். செவ்வாயும் புதனும் நான் அதைத் தொடவில்லை. என் வேலையில் பிழை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை என்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. புதன் மாலை ஸ்டெல்லா, "கையெழுத்து போட வேணாம். நாளைக்கு என்கூட வாங்க. வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனோம். ஆனால் தோட்டத்துக் கடையடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே செய்தி எங்களுக்கு முன்னால் மேலே ஓடிவிட்டது. நாங்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் குறுக்குப் பாதையில் ஒருவர் தலையில் கதிரையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டமாக ஓடினார். கதிரையின் முதுகில் அதே சிவப்புப் பூ. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நாங்கள் போய் உட்காருவதற்குள் நான்கு கதிரைகளும் டிவியும் ஃபிரிட்ஜும் வந்து சேர்ந்திருந்தன. ஸ்டெல்லா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கினார். "அக்கா, இது எந்த வூட்டுது? நான் கொண்டுபோயி குடுத்திர்றேன். அவங்களும் வேலை முடிஞ்சு வந்து ஒக்காரணும்ல. நாம பாயில ஒக்காந்து பேசுவோம்."

சுதர்ஷினியின் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா அவர் தோளில் கை வைத்தார். "எங்க லயத்துலயும் இப்புடித்தான்க்கா. இதுல என்ன இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், ஒங்க கதிரையையும் தூக்குங்க" என்றார். தூக்கினேன். வேட்டி கட்டிய ஒரு கிழவர் வாசலில் நின்று, "ஐயோ, தொரை கதிர தூக்குறாரு" என்று பதறினார். நான்கு வீட்டு வாசலுக்கும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். ஃபிரிட்ஜை இரண்டு இளைஞர்கள் சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள். டிவியும் போனது. மிச்சமிருந்தது ஒரு பாய், உட்கார ஒரு மர வாங்கு, உரப்பையில் அடுக்கிய புத்தகங்கள். அதன் பிறகுதான் தகப்பன் வாய் திறந்தார். மனைவி மலையில் வழுக்கி விழுந்து கை முறிந்து ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. அதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "நோவு நொடியெல்லாம் எப்புடிங்க எழுதுறது. நல்லபடியா சொன்னாத்தானே எடம் குடுப்பாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கையெழுத்திட்டேன். வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் நின்று என் பிழையை நானே சொன்னேன். எப்படி இந்தப் பிழை நேர்ந்தது என்று தலைவர் கேட்டார். என்கூட ஸ்டெல்லாவும் வந்திருந்தார். ஸ்டெல்லா சிங்களத்தில், "தப்பு கதிரையோடது சேர்" என்றார். தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுதர்ஷினியின் கடிதத்தில் அன்று பச்சைக் கோடு நீளமாக இருந்தது. படத்தில் நான் பார்க்காததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள் என்று ஸ்டெல்லாவிடம் பிறகொரு நாள் கேட்டேன். "லயத்துல பொறந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டு, வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தொலைபேசி வந்த மறுநாள், புதன்கிழமை, அடக்கத்துக்கு நானும் சுதர்ஷினியும் கஹவத்தைக்குப் போனோம். தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகு, ஸ்டெல்லாவின் தம்பி அருள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார் என்றார். குருவிட்டக் கதையையும் சொல்லியிருக்கிறார். "அந்தக் கதையில ஒண்ண ஒங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க சேர்" என்று தொடங்கினார்.

"அக்கா ஏ லெவல் பாஸ் பண்ணுனப்ப, கெம்பஸ்ல படிக்கிற செலவுக்கு ஒதவி கேட்டு எழுதிப் போட்டாங்க. ஒரு ஐயா வூட்டப் பாக்க வந்தாரு. அம்மா நாலு வூட்டுக் கதிரையும் ஒரு ரேடியோவும் எரவல் வாங்கி வச்சு, கோழி அடிச்சு சோறு போட்டுச்சு. வசதியான குடும்பம்னு கடிதம் வந்துச்சு சேர். இங்கிலீசுல. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அக்காதான் வாசிச்சாங்க. வாசிச்சுட்டு, 'மார்க்ஸ் பத்தலையாம்மா'ன்னு சொல்லிட்டாங்க. அம்மா சாகுற வரைக்கும் அப்புடித்தான் நெனச்சுச்சு. அக்காவ நல்லா படிக்கலன்னு ஏசவும் ஏசும். அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மா போன பொறகுதான் அந்தக் கடிதத்த எனக்கே காட்டுனாங்க."

வசதியான குடும்பம். நான் எழுதியதும் அதையேதான். அதைத் தனக்கு வந்த கடிதத்தில் ஒரு முறையும் என் கையெழுத்தில் இன்னொரு முறையும் வாசித்துவிட்டு, பக்கத்து மேசையில் உட்கார்ந்து எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அருள் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மூன்று பேனாக்கள். மழை மாதச் சீட்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் கதிரையின் முதுகைப் பார்க்கும் பழக்கம். ஒரு அம்மாவின் உபசாரத்தை அவள் மகளுக்கு எதிராக எழுதிவிடக் கூடாது என்கிற பயம். அந்தப் பயம் சாகும் வரை என்னை விட்டுப் போகக் கூடாது.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா வீட்டு வாசலில் முப்பது, நாற்பது கதிரைகள் கிடந்தன. சிலுவை, நட்சத்திரம், எண், பூ. ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் திருப்பிப் பார்த்தேன். நீலத்தில் ஒரு மீன். அதைத் தூக்கிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இது எந்த வீட்டுதுங்க?" என்று கேட்டேன்.

"ஐயோ, நீங்க வைங்க சேர், பொடியங்க எடுப்பாங்க."

"இல்லங்க. நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

அவர் மேட்டு லயத்தைக் கை காட்டினார். சுதர்ஷினியும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.