புளி போட்டு விளக்கிய சோழி

பத்திரிகையில் படங்களுக்குக் கீழே வரி எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, வரி தேவைப்படாத படங்களை எடுக்கலாம் என்று சிப்பி, சங்கு, சோழிகளில் இறங்கினேன். கோட்டாறு வீட்டின் பின்னறையில் ஒரு மேசை, கறுப்பு வெல்வெட் துணி, இரண்டு விளக்குகள், மேக்ரோ லென்ஸ் மாட்டிய கேமரா. லென்ஸ் அவ்வளவு பக்கத்தில் போகும்போது ஒரு மயிரிழை ஆழம் மட்டுமே தெளிவாக விழும். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மேசை அதிர்ந்தால் எல்லாம் வீண். அதனால் அந்த நேரத்தில் வீட்டில் மிக்சி ஓடக் கூடாது.

"சிப்பி அசையாம இருக்கணும்னு நான் சட்னி இல்லாம தோசை சுடணுமா?" என்பாள் மனைவி.

இனயம் கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டரில் மீன் கொண்டுவரும் பெண் ஒருநாள் என் படம் ஒன்றைப் பார்த்தாள். சங்கின் முதுகு வரிகள் அதில் உழுத வயல்போல் இருந்தன.

"அண்ணாச்சி, எனக்கும் இதுபோல ஒண்ணு எடுத்துத் தருவியளா? டிவி அளவுக்கு வேணும்."

அவள் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கும் நாளுக்கு அவர் ஊருக்கு வருகிறார். முதன்முதலாகக் கடலுக்குப் போன அன்று தன் வலையில் வந்த சோழியை அவர் மாதா சொரூபத்தின் காலடியில் வைத்திருந்தார். போனில் பேசும்போதெல்லாம் அதையும் விசாரிப்பாராம். அதன் பெரிய படம் புது வீட்டு ஹாலில் அவர் கண்ணில் பட வேண்டும். அதுவரை அவருக்குத் தெரியக் கூடாது.

மந்திரிப்புக்கு முந்தைய வாரம் சோழியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள். எலுமிச்சை அளவு, முதுகில் பழுப்புப் புள்ளிகள். ஆனால் கண்ணாடிபோல் மின்ன வேண்டிய முதுகு, சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கியிருந்தது.

"இதை என்ன செய்தே?"

"போட்டோவுக்குல்லா போகுது! ஒரே மெழுகுதிரிப் புகையா இருந்துச்சு. முதுகுல புளியை அப்பி வச்சு நல்லா தேச்சேன். குத்துவிளக்குன்னா இதுக்குள்ள பளபளன்னு வந்திருக்கும்."

எங்கள் பக்கத்தில் பவுடர் போடாமல் யாரும் போட்டோவுக்கு நிற்பதில்லை. சோழிக்கும் அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். சோழியின் ஓடும் சுண்ணாம்பு வகைதான், புளி பட்டால் அரிக்கும் என்றேன். அவள் முகம் சோழியைவிட மங்கிவிட்டது.

"மாதாவே! அவரு வந்ததும் இதத்தான் முதல்ல தேடுவாரு."

"ஏட்டி, முதல்ல உக்காரு" என்றாள் மனைவி. "மீனுக்குப் போடுகத சோழிக்குப் போட்டிருக்கா. கொஞ்சம் விட்டா தேங்காயும் அரைச்சு விட்டிருப்பா."

தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தேன். நிறம் வந்தது, மினுமினுப்பு வரவில்லை. லென்ஸில் முதுகெங்கும் சிறு குழிகள். சோழியைத் திருப்பிப் போட்டேன். நீண்ட, ஒடுங்கிய வாய். இரு ஓரங்களிலும் வரிசையாகப் பற்கள். புளி அங்கே படவில்லை. வெண்மை அப்படியே இருந்தது. விளக்கைத் தாழ்த்தி வைத்ததும் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நிழல் விழுந்தது. மனைவி மிக்சியின் பிளக்கையே பிடுங்கிப் போட்டாள்.

திரையில் படத்தைப் பார்த்த மீன்காரிக்கு உயிர் வந்தது. "எக்கா, இது சிரிக்குல்லா!"

மந்திரிப்புக்கு நாங்களும் போயிருந்தோம். அது முடிந்து பாதிரியார் கிளம்பியதும், அன்று காலையில்தான் ஊர் வந்து சேர்ந்த கணவர் ஹாலில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். மீன்காரி என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இது என்னவாக்கும்?"

"உங்க சோழி."

மாதாவின் காலடியிலிருந்து சோழியை எடுத்தார். முதுகைக் கட்டைவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

"இதுக்கு என்ன பற்றிச்சு? மங்கிப் போச்சே."

"புளி" என்றாள். "போட்டோவுக்கு ஒருக்கி மினுக்கினேன்."

அவர் சோழியைத் திருப்பினார். படத்தைப் பார்த்தார், சோழியைப் பார்த்தார். பிறகு ஹாலின் கோடிவரை கேட்கும்படி சொன்னார்:

"ஏட்டி, இது ஒனக்க அம்மைக்க சிரிப்பாக்கும்!"

பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்கினார். "டிவி அளவுக்கு என்னை மாட்டி வைக்க மருமகனுக்கு மனசு வந்திருக்கே. நல்லா இருங்க மக்கா."

சிரிப்பு அடங்கியதும் கணவர் சோழியை மாதாவின் காலடியில் திரும்ப வைத்தார். இந்த முறை, பற்கள் மேலே தெரியும்படி.