கை காட்டினால் தப்பிப்பார்

அன்பரசன் அண்ணனை நான் முதலில் பார்த்தபோது, அமீருதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டி உட்காரவைக்கிற வேலையில் இருந்தார். ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்தது அந்தக் கடை. நான் அங்கே தமிழ் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். அண்ணனுடைய வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். முன்பு துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சரக்கு இறக்கும் கேங்கில் இருந்தவர். கிரேன் தூக்கிய சரக்கு விழுந்த விபத்தில் விரல்கள் போய்விட்டன. அதே விபத்தில் அவருடைய தோஸ்து பகலவன் செத்துப்போனார். இரண்டு பேரும் வியாசர்பாடியில் ஒரே பிளாக்கில் குடியிருந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேச மாட்டார்.

கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இடது கையால் மவுஸ் பிடித்துப் பழகினார். பவர்பாயிண்ட் அவருக்குப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு புராஜெக்ட், பிறந்தநாள் ஆல்பம் எல்லாம் செய்து கொடுக்கத் தொடங்கினார். ஒரு ஸ்லைடில் மாம்பழப் படத்தைத் தொட்டால் இன்னொரு ஸ்லைடில் அது வெட்டின மாம்பழமாகும். அதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் படியேறி வரும்.

இரண்டாயிரத்து மூன்றில், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் சேர்ந்து பழைய கிடங்கு ஒன்றில் துறைமுகத் தொழில் பற்றி ஓர் அருங்காட்சியகம் திறக்க ஏற்பாடு செய்தார்கள். கொக்கி, கயிறு, தராசு, பழைய படங்கள் எல்லாம் சேர்த்துவிட்டார்கள். விரலால் தொட்டால் வேலை செய்கிற திரை ஒன்றும் யாரோ நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் என்ன போடுவது என்றுதான் தெரியவில்லை. புரோகிராம் எழுதத் தெரிந்த பையன்கள் யாரும் அந்தப் பக்கம் வரத் தயாராக இல்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் மனோகரன் எங்கள் கடைக்கு வந்து பாயிடம் கேட்டார்.

பாய் அண்ணனைக் காட்டினார்.

"எனக்கு புரோகிராமெல்லாம் தெரியாது சார்," என்றார் அண்ணன். "படத்து மேல ஒரு கண்ணுக்குத் தெரியாத பொட்டி போடுவேன். அத்தத் தொட்டா எந்தப் படத்துக்குப் போவணும்னு சொல்லி வெப்பேன். அவ்ளோதான்."

"அது போதும்ப்பா. பிள்ளைங்க விளையாடணும், அப்படியே பாதுகாப்பும் கத்துக்கணும். சரியா தொட்டா தொழிலாளி தப்பிக்கணும், தப்பா தொட்டா விபத்து. அப்படி ஒண்ணு செய்யுங்க."

முதலில் மூட்டைகளைப் பிரித்து அடுக்குகிற விளையாட்டு ஒன்றைச் செய்தார். அது சுலபமாக முடிந்துவிட்டது. இரண்டாவதுதான் கிரேன் விளையாட்டு. அதற்கு ஓர் ஆள் வேண்டும். இணையத்தில் கிடைத்த படங்களெல்லாம் மஞ்சள் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். ஒருநாள் அண்ணன் பகலவனின் மனைவி யசோதரா அக்காவிடம் போய்க் கேட்டார். அவர் யோசிக்கவே இல்லையாம். பீரோவிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தில் நீலத் துண்டோடு பகலவன் சிரித்துக்கொண்டு நிற்கிற முழுப்படம். "அவரு வேல செஞ்ச எடத்துல அவரு படம் கீதுன்னா நல்லதுதானே அன்பு. நாலு பேரு பாக்கட்டும்" என்றாராம்.

நான்தான் படத்தை ஸ்கேன் செய்தேன். அண்ணன் அதை வெட்டி, காலை மடக்கி, கையை உயர்த்தி, துண்டு துண்டாகப் பல ஸ்லைடுகளில் ஒட்டினார். ஸ்லைடுகள் வேகமாக மாறும்போது பகலவன் நடந்தார். கிரேனிலிருந்து மூட்டைக்கட்டு இறங்கும். கீழே அவர் நிற்பார். திரையில் இரண்டு பொத்தான்கள். 'கை காட்டு' என்பதைத் தொட்டால் அவர் விலகிப் போய்க் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கையை உயர்த்துவார், மூட்டை பத்திரமாக இறங்கும். 'இறக்கு' என்பதைத் தொட்டால் மூட்டை அவர்மேல் விழும், திரை கறுப்பாகும். கறுப்புத் திரையில் வர வேண்டிய வரியை அண்ணன் சொல்ல நான் டைப் செய்தேன்: 'இவருக்காக வீட்டில் ஒருத்தி காத்திருந்தாள்.'

திறப்பு விழாவுக்கு யசோதரா அக்கா இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார். நானும் பாயும் போயிருந்தோம். மூட்டை அடுக்கும் விளையாட்டை யாரும் சீண்டவில்லை. கிரேன் விளையாட்டுக்குத்தான் பள்ளிப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். முதல் பிள்ளை 'கை காட்டு' என்பதைத் தொட்டது. அடுத்தது 'இறக்கு' என்பதைத் தொட்டது. மூட்டை விழுந்ததும் ஓவென்று கத்தினார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் 'இறக்கு'தான். "டமார்! செத்தான்டா!" என்று ஒருத்தன் கூவ, வரிசையே கூவியது. கறுப்புத் திரையில் இருந்த வரியை ஒரு பிள்ளையும் படிக்கவில்லை. அது மறைவதற்குள் அடுத்த விரல் திரையில் இருந்தது.

அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் திரைக்கு முன்னால் நின்றார். "போதும் புள்ளைங்களா, போதும்" என்றார். டீச்சர் வந்து, "ஏன் சார், குழந்தைங்க ஆசையா விளையாடுதுங்க" என்றார்.

யசோதரா அக்கா மெல்ல முன்னால் வந்தார். அண்ணனை விலகச் சொன்னார். 'கை காட்டு' என்பதைத் தொட்டார். பகலவன் விலகிப் போய்க் கையை உயர்த்திச் சிரித்தார். மறுபடி தொட்டார். மறுபடியும். பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, "ஆன்ட்டி, அது போரு. இன்னொண்ணத் தொடுங்க" என்றாள். அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அண்ணன் அக்கா வீட்டுக்குப் போனார். தனியாகப் போகத் தைரியமில்லை, நீயும் வா தங்கச்சி என்று என்னையும் கூட்டிப் போனார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கோ அண்ணி. அந்தக் கொயந்தைங்க..."

"கொயந்தைங்க இன்னா பண்ணும்? வெளையாட்டுன்னுதானே வெச்சுகிறே. வெளையாடுது." அக்கா எதிரில் உட்கார்ந்தார். "எனக்கு அவருமேலதான் கோவம் அன்பு. இத்தினி வருசமா அதே கோவந்தான். ஒரு கை காட்டிட்டுத் தள்ளி நின்னிருந்தா உசுரோட இருந்திருப்பாரே. ஒரு கொயந்தைக்கித் தெரியுது, அவருக்குத் தெரியாம போச்சே."

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா அண்ணி சொல்றே? யாரு சொன்னது அப்பிடி?"

"கம்பெனி ஆளுங்கதான் வந்து சொன்னாங்க. பாக்காம அடியில போய் நின்னுட்டாரு, அவரு கவனக்குறைவுன்னு. நீ அப்போ ஆஸ்பத்திரில கெடந்தே."

அண்ணன் அக்கா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு கை காட்னாரு அண்ணி. தள்ளிதான் நின்னுகினு இருந்தாரு. நானும் பக்கத்துலதான் இருந்தேன். ரோப்பு அறுந்துபோச்சு. பழைய ரோப்பு. கட்டு அப்பிடியே வீசிகினு வந்து இந்தப் பக்கம் அடிச்சுது. எவனாலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உனக்குத் தெரியும்னு நெனச்சுகினு இருந்தேன்."

"அப்போ நீ அதுல செஞ்சு வெச்சது?"

"பொய்தான் அண்ணி. வெளையாட்டுன்னா ஒண்ணு சரி, ஒண்ணு தப்புன்னு இருக்கணும்னாங்க. நானும் யோசிக்காம செஞ்சுட்டேன்."

அக்கா அழுதார். "அந்த மனுசன எத்தினி திட்டு திட்டிகிறேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அந்த வாரமே அண்ணன் விளையாட்டை மாற்றினார். 'கை காட்டு' என்பதைத் தொட்டால் பகலவன் கை காட்டுவார், விலகி நிற்பார். அப்புறம் ரோப்பு அறும். 'இறக்கு' என்பதைத் தொட்டாலும் ரோப்பு அறும். எதைத் தொட்டாலும் கடைசியில் ஒரே ஸ்லைடுதான்: 'ரோப்பை மாற்றியிருக்க வேண்டும்.'

மனோகரன் சார் பொறுமையாகத்தான் சொன்னார். "உங்க வருத்தம் புரியுதுப்பா. ஆனா இதுல பிள்ளைங்க ஜெயிக்கவே முடியாதே. ஜெயிக்க முடியாதது எப்படி விளையாட்டாகும்?"

"ஆவாது சார்," என்றார் அண்ணன். "அப்போ எடுத்துடுங்க. பழசும் வேணாம், புதுசும் வேணாம்."

எடுத்துவிட்டார்கள். மூட்டை அடுக்குகிற விளையாட்டு மட்டும் திரையில் இருந்தது. திரை கெட்டுப்போகிற வரையில் அதுதான் ஓடியது.

புதியதைப் பார்க்க வேண்டும் என்று யசோதரா அக்கா ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் விரலால் தொட முடியாது, அதனால் அண்ணன் மவுஸை அவர் கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா 'கை காட்டு' என்பதை அழுத்தினார். பகலவன் விலகினார், கையை உயர்த்தினார், சிரித்தார். ரோப்பு அறுந்தது.

"இப்பிடித்தானா?"

"இப்பிடித்தான் அண்ணி."

"கை காட்டிகிறாரு."

"ஆமா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதும். அழிச்சுடு. அவரு திரும்பத் திரும்ப விழ வேணாம்."

அண்ணன் அங்கேயே, அவர் பார்க்க, அதை அழித்தார். நீலத் துண்டுப் படத்தைச் சுத்தமாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அக்கா அதைத் தினத்தந்தித் தாளில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகும் சில வருடம் அண்ணன் எங்களோடு இருந்தார். ஆல்பம் செய்வார், பள்ளிக்கூட புராஜெக்ட் செய்வார். யாராவது விளையாட்டு கேட்டால் மட்டும் தெரியாது என்று சொல்லிவிடுவார். பிரவுசிங் சென்டருக்குக் கூட்டம் குறைந்து பாய் கடையை மூடியபோது, எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்துப் போனார். ஒருமுறை திருவொற்றியூர் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். உடம்பு ரொம்ப இளைத்திருந்தது. யசோதரா அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போன மாசம் தவறிப்போச்சு தங்கச்சி. சக்கர நோவு," என்றார். "கடேசில ஆஸ்பத்திரில பாக்கப் போனேன். அவரு கை காட்னாருன்னு இன்னொரு தபா சொல்லுன்னுச்சு. சொன்னேன்."

தேரடி ஸ்டாப் வந்ததும் இறங்கிக்கொண்டார்.